தாத்தா கட்டிலில் இருக்கும்போது மே மாத லீவுக்குப் பிள்ளைகளை ஊருக்குக் கூட்டிப் போவது

பக்கவாதம் வந்து நாலைந்து மாதம் ஆகியிருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. பட்டாசலில், அதாவது வீட்டின் கூடத்தில், கட்டில் போட்டிருக்கிறது. வலது கையும் காலும் இன்னும் சரியாக வரவில்லை, பேச்சும் பிடிபடவில்லை. ஆச்சியும் கூட இருக்கும் மகனும் மருமகளும் பார்த்துக்கொள்கிறார்கள். வெளியூரில் இருக்கும் மற்ற பிள்ளைகள் வீட்டில் ஏப்ரலில் பேச்சு எழும்: இந்த வருஷம் பேரப்பிள்ளைகளை ஊருக்குக் கூட்டிப் போவதா, விட்டுவிட்டுப் பெரியவர்கள் மட்டும் போய் வருவதா?

கூட்டிப் போக வேண்டும் என்பதுதான் என் எண்ணம். தாத்தாவுக்கும் அது வேண்டும், பிள்ளைகளுக்கும் வேண்டும். ஆனால் வழக்கமான லீவு மாதிரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் விருந்தாளிகளாகப் போய் இறங்கினால், இதுவரை ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி அன்றிலிருந்து ஐந்து பேரைப் பார்க்க வேண்டிவரும். நெல்லைப் பக்கத்து வீடொன்றை மனதில் வைத்து எழுதுகிறேன். மதுரையோ தஞ்சாவூரோ ஆனாலும் பெரிதாக மாறாது.

முதல் வேலை ஒரு போன். அதை யாருக்குச் செய்கிறோம் என்பது முக்கியம். "வாங்க வாங்க, ஒரு குறையும் இல்லை" என்று சொல்லும் மாமாவிடம் கேட்டுப் பயனில்லை. ராத்திரி எழுந்து பார்ப்பவர் யாரோ, அநேகமாக ஆச்சி அல்லது மருமகள், அவரிடம் கேட்க வேண்டும். தாத்தா எத்தனை மணிக்கு எழுகிறார், எப்போது சாப்பிடுகிறார், பகலில் எப்போது தூங்குகிறார், பிசியோதெரபிக்கு யார் எந்தக் கிழமை வருகிறார்கள், மூக்கில் குழாய் உண்டா, மூத்திரப் பை உண்டா, முகத்தில் மாற்றம் உண்டா, எப்போது எரிச்சல் படுகிறார். கடைசியாக, "எத்தனை நாள் இருந்தால் உங்களுக்குத் தாங்கும்?" என்று நேரடியாகக் கேட்டுவிட வேண்டும். கேட்டால்தான் சொல்வார்கள். என் கணக்கில் ஒரே வீட்டில் சேர்ந்தாற்போல் பத்து நாளைவிட, நாலு நாள் இருந்து, பக்கத்து ஊரில் அத்தை வீட்டிலோ சித்தி வீட்டிலோ மூன்று நாள் தங்கி, மறுபடி மூன்று நாள் வருவது எல்லோருக்கும் நல்லது.

அதே போனில் என்ன வாங்கி வர வேண்டும் என்றும் கேட்டுவிடலாம். பழக்கூடையும் சத்துமாவு டப்பாவும் ஏற்கெனவே அலமாரி நிறைய இருக்கும். தினமும் தீர்வது பெரியவர்களுக்கான டயப்பர், கட்டிலில் விரிக்கும் உறிஞ்சு விரிப்பு, கையுறை, ஈரத் துடைப்பான். டயப்பர் ஒரு நாளைக்கு மூன்று நாலு ஆகும். இடுப்புச் சுற்றளவை அளந்து சொல்லச் சொல்லி அதற்கேற்ற அளவில் வாங்க வேண்டும். பெரிதாக இருந்தால் தொடை ஓரமாக ஒழுகும், சிறிதாக இருந்தால் தோலில் தடம் விழுந்து புண்ணாகும்.

ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 120 நாளுக்கு பதில் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. மே முதல் வாரம் போக வேண்டுமென்றால் மார்ச் முதல் வாரத்திலேயே உட்கார வேண்டும். ஐந்து வயது முடிந்து பன்னிரண்டு ஆகாத பிள்ளைகளுக்கு அரை டிக்கெட் எடுத்தால் படுக்கை கிடையாது. அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம். ராத்திரி முழுக்கத் தூங்காமல் வந்து இறங்குகிற ஏழு வயதுப் பிள்ளையைத் தாத்தா முன்னால் நிறுத்தினால் அது அழத்தான் செய்யும்.

புறப்படும் வாரம் பிள்ளைகளுக்குச் சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போட வேண்டும். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. படுத்தே கிடப்பவருக்கு இருமிச் சளியை வெளியே தள்ளும் பலம் குறைவு, பிள்ளைக்கு மூன்று நாள் மூக்கொழுகல் அவருக்கு நிமோனியாவாக முடியலாம். கோடையில் அம்மையையும் யோசிக்க வேண்டும். வகுப்பிலோ தெருவிலோ யாருக்காவது சின்னம்மை வந்து உங்கள் பிள்ளை கூடப் பழகியிருந்தால், கொப்புளம் தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். கொப்புளம் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே அது தொற்றும். இன்றைக்குப் பிள்ளை நன்றாக இருக்கிறது என்பது போதாது. தாத்தாவுக்குப் பதில் ஆச்சி புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்துக்கொண்டிருக்கும் வீடென்றால் இன்னும் கண்டிப்பு வேண்டும். மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நாட்களைத் தவிர்த்து, அடுத்த சுற்றுக்குச் சற்று முன்னால் போவதுபோல் மருத்துவரிடம் கேட்டுத் தேதி வைக்கலாம்.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது

"தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை" என்பது போதாது. காய்ச்சல் வந்தாலும் உடம்பு சரியில்லை என்றுதான் சொல்கிறோம். நோயின் பெயரைச் சொல்லலாம். ஐந்து வயதுக்குள் என்றால் இரண்டு வரி போதும்: "தாத்தா தலைக்குள்ள ஒரு ரத்தக்குழாய் அடைச்சிடுச்சு. அதனால ஒரு கையும் காலும் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது." ஆறு வயதுக்கு மேல் மூன்று விஷயத்தைப் பிள்ளை கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிட வேண்டும். இது ஒட்டிக்கொள்ளாது. நீ சத்தம் போட்டதாலோ போன லீவில் சண்டை போட்டதாலோ வந்ததில்லை. உன்னைப் பார்த்துக்கொள்ள அம்மா அப்பா இருக்கிறார்கள். இரண்டாவதை நிறையப் பிள்ளைகள் மனதில் வைத்துக்கொண்டு சொல்லாமல் திரியும்.

முகம் கோணியிருந்தால், குழாய் இருந்தால், தலை மொட்டையாக இருந்தால், போவதற்கு முன் வீடியோ அழைப்பில் ஒரு நிமிடம் காட்டிவிடுங்கள். "மூக்குல இருக்கறது சாப்பாட்டுக் குழாய், அது வலிக்காது, நாம இழுத்தாத்தான் வலிக்கும்" என்று சொல்லிக் கூட்டிப் போனால், அங்கே போய் வாசலில் நின்று முந்தானைக்குள் ஒளிவது குறையும். அப்படியும் கிட்டே போகப் பயந்தால் வற்புறுத்தக் கூடாது. "தாத்தாவுக்கு முத்தம் கொடு" என்று தள்ளிவிடுவது இரண்டு பேரையும் புண்படுத்தும். கட்டில் கால்மாட்டில் உட்கார்ந்து படம் வரையட்டும். பெரும்பாலும் இரண்டாம் நாள் தானே நகர்ந்து பக்கத்தில் வந்துவிடும்.

பக்கவாதம் வந்தவர்களில் சிலர் காரணமில்லாமல் திடீரென்று அழுவார்கள், சில நேரம் அடக்க முடியாமல் சிரிப்பார்கள். உணர்ச்சியை அடக்கி வைக்கும் மூளைப் பகுதி அடிபட்டதால் வருவது அது. பெரிய துக்கமோ பெரிய சந்தோஷமோ உள்ளே இருக்க வேண்டுமென்பதில்லை. பேத்தியைப் பார்த்ததும் தாத்தா குலுங்கி அழுதால் பிள்ளை தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும், சுற்றி நிற்கும் பெரியவர்களும் சேர்ந்து அழ ஆரம்பிப்பார்கள். இதை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால், அழும்போது கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் பேசாமல் இருக்கலாம், அல்லது வேறு பேச்சு எடுக்கலாம். அநேகமாக அடங்கிவிடும்.

முதல் சந்திப்பு

ஊரில் ஒரு பழக்கம் இருக்கிறது. பிள்ளையைக் கட்டிலருகே நிறுத்தி, "இது யாருன்னு தெரியுதா? பேரு சொல்லுங்க பாப்போம்!" என்று கேட்பது. இதை முதலில் நிறுத்த வேண்டும். பேச்சு பாதித்தவருக்கு ஆள் நன்றாகத் தெரியும், பெயர்தான் வாய்க்கு வராது. மகள் பெயரைச் சொல்லி மகனைக் கூப்பிடுவார், "தண்ணி" என்பதற்கு "கதவு" என்பார். பத்துப் பேர் முன்னால் வைத்துப் பரீட்சை நடத்தினால் அடுத்த முறை வாயே திறக்க மாட்டார். பிள்ளையே போய், "தாத்தா, நான் வந்துட்டேன், உங்க கடைசிப் பேரன்" என்று சொல்லட்டும். ஆள் மறந்துபோயிருந்தாலும் இது காப்பாற்றும்.

வலப்பக்கம் செயலிழந்தவருக்குச் சில சமயம் அந்தப் பக்கத்துப் பார்வையும் குறைந்திருக்கும். அதனால் இடப்பக்கமாக வந்து, அவர் கண்மட்டத்துக்கு உட்கார்ந்து, நல்ல கையைப் பிடிக்க வேண்டும். கத்த வேண்டாம், காதில் குறையில்லை. ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும்படி கேட்கலாம்: "காப்பி வேணுமா?" கேட்டுவிட்டுப் பத்து வரை மனதுக்குள் எண்ணிக் காத்திருக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இந்த எண்ணும் வேலை பிடிக்கும், பெரியவர்களைவிட ஒழுங்காகச் செய்யும்.

செயலிழந்த கையை யாரும் பிடித்து இழுக்கக் கூடாது. "தாத்தா, எழுந்திரிங்க, வெளிய போலாம்" என்று நாலு வயது ஆசையாக இழுக்கும். தசை தளர்ந்த தோளில் எலும்பின் பந்து கிண்ணத்திலிருந்து நழுவிவிடும், பிறகு மாதக்கணக்கில் வலி. அந்தக் கை எப்போதும் தலையணை மேல் இருக்க வேண்டும். தூக்கி உட்கார வைக்கும்போது பெரியவர்களும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. பிசியோதெரபிஸ்ட் வரும் நாளில் பக்கத்தில் நின்று எப்படித் திருப்புகிறார், எப்படி உட்கார வைக்கிறார் என்று பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் பத்து நிமிடம் போதும். பேரப்பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு தெருவே திரளும். ஒவ்வொருவருக்கும் காப்பி போடுவது ஆச்சி, ஒவ்வொருவர் முன்னாலும் முகத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டியவர் தாத்தா. சாயங்காலம் 5 முதல் 6 வரை என்று ஒரு நேரம் சொல்லி, மற்ற நேரத்தில் வருகிறவர்களைத் திண்ணையில் உட்கார வைத்துப் பேசி அனுப்பும் வேலையை வந்தவர்களில் ஒருவர் எடுத்துக்கொள்ளலாம்.

வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது

இந்த லீவில் உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்று கேட்டால் இங்கேதான் என்பேன். பக்கவாதத்தில் விழுங்கும் தசைகளும் பாதிக்கப்படலாம். தொண்டையில் இறங்க வேண்டியது மூச்சுக்குழாய்க்குள் போகும். அதில் மிக மோசமானது தண்ணீர், காப்பி, மோர் போன்ற நீர்த்த பண்டங்கள். வேகமாக ஓடுவதால் தொண்டை மூடுவதற்குள் உள்ளே போய்விடும். அதனால்தான் கஞ்சிப் பதத்தில் கெட்டியாக்கிக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

இப்போது மே மாதப் பண்டங்களை யோசியுங்கள். ஐஸ்கிரீம் கெட்டியாகத் தெரியும், வாயில் வைத்ததும் தண்ணீராகிவிடும். நுங்கு வழுக்கும் சதையும் உள்ளே நீருமாக இரண்டும் கலந்தது, விழுங்கச் சிரமப்படுபவருக்கு மிகக் கடினமான பண்டங்களில் ஒன்று. பதநீர் நீர்த்தது. மாம்பழத் துண்டு நார் நாராகத் தொண்டையில் நிற்கும். பேரன் அன்போடு ஒரு கரண்டி ஊட்டுவான், தாத்தாவும் அன்போடு வாய் திறப்பார். எனவே வந்த அன்றே ஒரு சட்டம்: ஆச்சியைக் கேட்காமல் தாத்தா வாயில் எதையும் வைக்கக் கூடாது. கொடுக்கலாம் என்று பதில் வந்தால், நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, தாடை சற்றுக் கீழே தாழ்ந்திருக்க, அரை ஸ்பூன் வீதம், முந்தையது இறங்கியபின் அடுத்தது. சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. விழுங்கியதும் இருமல், குரல் ஈரமாகக் கரகரப்பது, கன்னத்துக்குள் சாதம் தங்குவது இவை தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். பேச்சுக் கொடுத்தபடி ஊட்டக் கூடாது. பிள்ளைகள் சுற்றி நின்று சிரிப்பு மூட்டும் நேரம் சாப்பாட்டு நேரமாக இருக்கக் கூடாது.

மூக்குக் குழாய் வழியே கொடுப்பவர்களுக்கு வேறு கவனம். தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும், மூக்கருகே குழாயில் போட்ட குறி நகர்ந்திருக்கக் கூடாது. தப்பித் தவறி வெளியே வந்துவிட்டால் நாமே உள்ளே தள்ளக் கூடாது, செவிலியர் வர வேண்டும்.

இளநீரும் வெயிலுக்கு எல்லோருக்கும் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பழுதானவருக்கு அது இதயத் துடிப்பையே குலைக்கும். வாங்கி வருவதற்கு முன் டாக்டர் எழுதிக் கொடுத்த தாளைப் பார்க்க வேண்டும்.

வெயில், கரண்ட், மருந்து

அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி மே 28 வரை. இந்த நாட்களில் ஒரு சிக்கல் தவறாமல் வரும். மதியம் 12 முதல் 4 வரை வெயிலால் பிள்ளைகளை வெளியே விட முடியாது. அதே நேரம்தான் தாத்தா தூங்க வேண்டிய நேரம், ராத்திரி விழித்த ஆச்சி கண்ணயரும் நேரம். டிவி இருப்பது தாத்தா கட்டில் போட்ட அதே பட்டாசலில். லீவில் நடக்கும் சண்டைகளில் பாதி இந்த நாலு மணி நேரத்தில் நடப்பவை.

இதை "சத்தம் போடாதே" என்ற அதட்டலால் தீர்க்க முடியாது. நாளின் போக்கையே மாற்ற வேண்டும். காலை ஐந்தரைக்கே பிள்ளைகளை எழுப்பிவிட்டு, ஆறு முதல் எட்டரை வரை வயல், வாய்க்கால், தெரு என்று வெளியே விட்டுவிட வேண்டும். ஆற்றுக்குப் போனால் நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கூடவே தண்ணீரில் இறங்க வேண்டும். தாமிரபரணியில் மேலே அமைதியாகத் தெரியும் இடத்திலும் மணல் எடுத்த குழி இருக்கும். அவ்வளவு அலைந்து வந்த பிள்ளை மதியம் சாப்பிட்டதும் தானே தூங்கும். தூங்காதவர்களுக்கு ரெண்டாங்கட்டில், அதாவது வீட்டின் பின்பகுதியில், பாய் விரித்து விளையாட்டு. கேரம் வேண்டாம், ஒவ்வொரு அடியும் பட்டாசல் வரை கேட்கும். பல்லாங்குழியில் சோழி மரத்தில் விழும் சத்தமும் எரிச்சலூட்டும். சோழிக்குப் பதில் புளியங்கொட்டை, அடியில் மடித்த வேட்டி. தாயக்கட்டை வெண்கலமாக இருந்தால் அதையும் துணி மேல்தான் உருட்ட வேண்டும்.

வெயிலில் வயதானவருக்குத் தாகம் தெரியாது, தெரிந்தாலும் இவருக்குக் கேட்க வாய் வராது. மூத்திரம் அடர் மஞ்சளாகப் போனால், வாய் உலர்ந்திருந்தால், வழக்கத்தைவிட அதிகம் தூங்கினால் நீர் குறைகிறது என்று அர்த்தம். கெட்டியாக்கிய நீரை மணிக்கு ஒருதரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். இதய நோயாலோ சிறுநீரக நோயாலோ தண்ணீர் அளவு குறித்துக் கொடுத்திருந்தால் அந்த அளவை மீறக் கூடாது.

படுக்கைப் புண் வராமலிருக்கக் காற்று மெத்தை போட்டிருப்பார்கள். அதன் பம்ப் கரண்டில் ஓடுவது. கரண்ட் போனால் சிறிது நேரத்தில் காற்று இறங்கி, முதுகு நேரே பலகையில் பட ஆரம்பிக்கும். எந்த மெத்தையானாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது நிற்கக் கூடாது. பம்பை இன்வெர்ட்டர் பிளக்கில் மாட்டிவிட்டு, அதே பிளக்கில் பிள்ளைகள் போன் சார்ஜர் சொருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த மெத்தையில் பிள்ளைகள் ஏறிக் குதிக்கவும் கூடாது. பென்சில் முனை, சடைப்பின், பாட்ஜ் ஊசி எது பட்டாலும் ஓட்டை.

மூத்திரப் பை இருந்தால் அது எப்போதும் இடுப்பு மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும், தரையிலும் படக் கூடாது. தூக்கிப் பிடித்தால் பையில் இருப்பது திரும்ப உள்ளே போகும், காய்ச்சல் வரும். கட்டிலின் எந்தப் பக்கம் பை தொங்குகிறதோ அந்தப் பக்கத்தைச் சுவரோரம் ஆக்கிவிட்டால் ஓடும் கால்கள் குழாயில் சிக்காது.

மருந்துகளை நினைத்தால் எனக்குப் பயம். தலைமாட்டு ஸ்டூலில், கிழமை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில், மிட்டாய் மாதிரி வண்ண வண்ணமாக இருக்கும். கிளிமிபிரைடு வகைச் சர்க்கரை மாத்திரையும் ஆம்லோடிபின் போன்ற ரத்த அழுத்த மாத்திரையும் சின்னப் பிள்ளைக்கு ஒன்றே ஒன்று போனாலும் உயிருக்கு ஆபத்தாகலாம். விழுங்கியது தெரிந்தால், பிள்ளை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும், மாத்திரை அட்டையோடு உடனே ஆஸ்பத்திரி. விளைவு தெரியப் பல மணி நேரம் ஆகலாம். வாந்தி எடுக்க வைக்க உப்புத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. ஊர் போய் இறங்கிய முதல் பத்து நிமிடத்தில் அந்த டப்பாவை எடுத்து உயரமான அலமாரியில் வைத்துவிட்டு, ஆச்சியிடம் இடத்தைக் காட்டிவிட வேண்டும்.

இன்சுலின் வைக்க வேண்டியது 2 முதல் 8 டிகிரி செல்சியஸில். பிள்ளைகள் வந்த வீட்டில் பிரிட்ஜ் கதவு நாளைக்கு ஐம்பது தடவை திறக்கும், அதனால் கதவுத் தட்டில் இருக்கும் மருந்தை உள்தட்டுக்கு நகர்த்த வேண்டும். உறைபனி அறையை ஒட்டி வைத்தாலும் கெட்டுவிடும். உறைந்த இன்சுலினை உருக்கிப் போடக் கூடாது. நீண்ட நேரம் கரண்ட் போனால் பெரிய மண்பானையில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்ன மண்சட்டி வைத்து, அதில் மருந்தை வைத்து ஈரத்துணியால் மூடலாம். நிழலில், காற்றுப் படும் இடத்தில் இருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு வேலை

வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைக்குத்தான் சலிப்பும் பயமும். வேலை கொடுத்தால் இரண்டும் குறையும். ஆனால் அது நிஜமான வேலையாக இருக்க வேண்டும்.

தினசரி காலண்டரில் தாள் கிழிப்பது நாலு வயது வேலை. காலையில் கிழித்து, "தாத்தா, இன்னைக்கு வியாழக்கிழமை" என்று காட்ட வேண்டும். படுத்தே இருப்பவருக்கு நாளும் பொழுதும் குழம்பிப்போகும், இது அவரை நாளோடு கட்டி வைக்கும். எட்டு வயதுக்கு மேல் என்றால் பக்கம் திருப்பும் நேரத்தைக் குறித்து வைக்கும் நோட்டு: 8 மணி இடது, 10 மணி மல்லாக்க, 12 மணி வலது. நேரமானதும் வந்து சொல்ல வேண்டியது பிள்ளை, திருப்ப வேண்டியது பெரியவர்கள். கைப் பயிற்சியில் பந்து அமுக்கும்போது எண்ணிக்கை சொல்லலாம். பேச்சு வராதவர்களில் பலருக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எண்ணுவதும், கிழமைப் பெயர்களும், சின்ன வயதிலிருந்து பாடிய பாட்டும் கோர்வையாக வரும். தனிச் சொல் வராத வாயில் பாட்டு வரும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பேத்தி ஒரு வரி எடுத்துக் கொடுத்தால் போதும்.

பழைய போட்டோ ஆல்பம் நல்லது. அதிலும் பெயர் கேட்கக் கூடாது, "இது உங்க கல்யாணம், இது பெரிய அத்தை" என்று பிள்ளை சொல்ல, அவர் தலையாட்டினால் போதும்.

டயப்பர் மாற்றும்போது பிள்ளைகள் வெளியே போக வேண்டும். ஒரு கயிறு கட்டிப் பழைய வேட்டியைத் திரையாகத் தொங்கவிட்டால் மரியாதை. நாற்றம் என்று மூக்கைப் பிடிக்கக் கூடாது என்பதை வண்டியில் வரும்போதே சொல்லி வைக்க வேண்டும். வளர்ந்த பிள்ளைகளிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தாத்தாவைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடக் கூடாது. வேட்டி மடித்துக் கட்டி, வகிடெடுத்து, சட்டை போடாமல் வாசல் தாண்டாத மனிதர் அவர்.

வந்தவர்கள் செய்ய வேண்டியது

முதல் இரண்டு நாள் பார்த்துக் கற்றுக்கொண்டு, மூன்றாம் நாளிலிருந்து ராத்திரி முறையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதைவிட ஆச்சிக்குப் பெரிய உபகாரம் கிடையாது. ஒரு முழு ராத்திரி உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும். மருமகளுக்கு இரண்டு நாள் தாய்வீடு போய் வர வழி செய்யலாம். "நீங்க போங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று சும்மா சொன்னால் போக மாட்டார். பஸ் டிக்கெட்டை எடுத்துக் கையில் கொடுத்து, மாத்திரை நேரத்தை அவரிடமே கேட்டு எழுதி ஒப்புவித்துக் காட்டினால் போவார். சமையல், பாத்திரம், துணி வந்தவர்கள் கணக்கு. கூட இருந்து பார்ப்பவரிடம் "ஏன் இப்படிச் செய்யறீங்க, இன்டர்நெட்டில் வேற மாதிரி போட்டிருக்கான்" என்ற யோசனைகளை முதல் வாரம் வாயிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வரும், பிசியோதெரபியும் நோய்த்தணிப்புச் சேவையும் உண்டு. வீட்டில் இன்னும் பதியாவிட்டால், லீவில் ஒரு காலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வருவது வந்தவர்கள் செய்யக்கூடிய வேலை.

இன்னொன்று. வந்த முதல் நாளே தாத்தா முகமும் இரண்டு கையும் தெரிய, ஏதாவது பேசும்படி, அரை நிமிட வீடியோ எடுத்து வீட்டுப் பெரியவர்கள் போனில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கோணிய முகத்தில் புதிதாக ஏதும் நடந்ததா என்று ஒப்பிட அது உதவும். முகம் மேலும் கோணினால், இன்னொரு கை தொங்கினால், பேச்சு முந்தைய நாளைவிடக் குழறினால் மணியைக் குறித்துக்கொண்டு 108. அறிகுறி ஆரம்பித்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் போட்டாக வேண்டும், அதிலும் முந்தினால் நல்லது. சி.டி. ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரி எது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். அப்போது பிள்ளைகளோடு வீட்டில் நிற்கப்போவது யார் என்பதையும் முதல் நாளே பேசி வையுங்கள். நிலைமை மோசமானால் பிள்ளைகளிடம் மோசம் என்றே சொல்லலாம். "தாத்தா தூங்கறாங்க" என்று சொன்னால் பிறகு தூங்கவே பயப்படும் பிள்ளைகள் உண்டு.

கிளம்பும் நாளில் தாத்தா தூங்கும்போது நழுவக் கூடாது. எழுந்ததும் தேடுவார், கேட்கவும் வாய் வராது. முந்தின நாளே சொல்லி, காலண்டரில் அடுத்து வரும் தேதியைப் பேனாவால் வட்டமிட்டுக் காட்டிவிட்டு, காலையில் நல்ல கையைப் பிடித்துச் சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஒரு மாதத்துக்கான டயப்பரும் மாத்திரையும் வாங்கி வைத்தாயிற்றா, மாத்திரை நேரம் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டியாயிற்றா என்று பாருங்கள். பிறகு ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு வீடியோ அழைப்பு, ஐந்து நிமிடம், போனை அவருடைய இடப்பக்கம் பிடிக்கச் சொல்லி. அன்றைய கிழமையைப் பிள்ளை சொல்லட்டும், தாளை அங்கே ஆச்சி கிழிக்கட்டும்.